இரண்டாவது லிண்ட் கிளீனர் சேர்த்த பிறகு நெப்பும் குட்டை இழையும் கூடுகின்றன: எங்கே தவறுகிறோம்?

பஞ்சுப்பொதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரம்ப ஜின் (ரம்பப் பற்களால் விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம்) பொருத்திய ஒரு ஜின்னிங் ஆலையின் இயந்திரப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்களுக்கு வரும் பருத்தியில் பெரும்பகுதி இயந்திர அறுவடையில் எடுக்கப்பட்டது. ஆகவே காய்ந்த இலைச் சருகு, காய் ஓடு, குச்சி, பட்டை எல்லாம் கலந்தே வந்து சேரும். சென்ற பருவம் வரை ஜின்னுக்குப் பின்னால் பிரித்த பஞ்சிலிருந்து குப்பையை எடுக்கும் ரம்ப வகை லிண்ட் கிளீனர் ஒன்று மட்டுமே இருந்தது. பஞ்சில் தூசு அதிகம் என்று சொல்லி வாங்குவோர் தரத்தைக் குறைத்துக்கொண்டே வந்ததால், இந்தப் பருவத்தில் அதே வகையில் இரண்டாவது ஒன்றையும் வரிசையில் சேர்த்தோம்.

பார்வைக்குப் பஞ்சு மிக நன்றாக மாறிவிட்டது. வெளுப்பாகவும் சீராகவும் இருக்கிறது. தூசுக் கணக்கும் இறங்கியிருக்கிறது. ஆனால் நூற்பாலையிலிருந்து வந்த சோதனை அறிக்கையில் நெப் (இழைகள் சிக்கிச் சுருண்ட சிறு முடிச்சு) எண்ணிக்கை கூடியிருக்கிறது, குட்டை இழையின் பங்கு உயர்ந்திருக்கிறது, சராசரி நீளம் குறைந்திருக்கிறது. போதாததற்கு, அதே அளவு பருத்திக்குக் கிடைக்கும் பஞ்சின் எடையும் குறைந்து, கழிவு அறையின் குவியல் பெரிதாகியிருக்கிறது.

இரண்டாவது இயந்திரத்தைக் கழற்றிவிடுவதா, அதன் ரம்ப வேகத்தைக் குறைப்பதா, அல்லது அதற்குப் பதிலாகக் காற்று வகை லிண்ட் கிளீனரைப் பொருத்துவதா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ரம்பச்சாணை எழுதியது:

வணக்கம். லிண்ட் கிளீனர்களைக் கழற்றிப் பூட்டுவதிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரம்ப வகை லிண்ட் கிளீனர் பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் இயந்திரம். ஜின்னிலிருந்து காற்றோடு வரும் பஞ்சு, கண்டென்சரின் சல்லடை உருளையில் படிந்து ஒரு பாய் போலத் திரள்கிறது. அந்தப் பாய் அழுத்து உருளைகளுக்கு இடையே நுழைந்து, ஃபீட் ரோலரும் ஃபீட் பிளேட்டும் சேர்ந்து உண்டாக்கும் பிடிக்குள் வருகிறது. பிடி ஒரு பக்கம் இறுக்கிக்கொண்டிருக்க, வேகமாகச் சுழலும் ரம்ப உருளையின் பற்கள் மறுபக்கத்தைக் கவ்வி இழுக்கின்றன. இழுபட்ட இழைகள் பற்களில் தொற்றியபடி ஐந்து முதல் ஒன்பது வரையான கிரிட் கம்பிகளின் விளிம்பை உரசிச் செல்லும்போது, சருகும் ஓடும் மையவிலக்கு விசையால் வெளியே எறியப்படுகின்றன. அதன் பிறகு பிரஷ் உருளை பஞ்சைப் பற்களிலிருந்து துடைத்தெடுத்து அடுத்த குழாய்க்கு அனுப்புகிறது. தலைமுடியில் சிக்கு இருக்கும்போது வேகமாகச் சீவினால் என்ன நடக்குமோ, அதுவே இங்கும் நடக்கிறது: அழுக்கோடு முடியும் அறுந்து வருகிறது.

எவ்வளவு இழுப்பு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ரம்ப உருளையின் விட்டம் இயந்திரத்துக்கு இயந்திரம் 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை மாறும். வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 800 முதல் 1200 சுற்று. விட்டம் 40 சென்டிமீட்டர், வேகம் 1000 சுற்று என்று வைத்துக்கொண்டால், பல்நுனி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1250 மீட்டர் ஓடுகிறது. ஃபீட் ரோலர் அதே நிமிடத்தில் 50 மீட்டர் பாயை ஊட்டினால், பல்லின் வேகம் பாயின் வேகத்தைப் போல 25 மடங்கு. இந்தச் சீவு விகிதத்தை உயர்த்தினால் தூசு கூடுதலாக விழும். இழையும் கூடுதலாக அறும். ஒன்றைக் கூட்டி மற்றதைக் கூட்டாமல் விடும் வழி கிடையாது.

இப்போது உங்கள் இரண்டாவது இயந்திரத்துக்கு வருகிறேன். எளிதில் உதிரும் குப்பையை முதல் இயந்திரமே எடுத்துவிடுகிறது. மிஞ்சி வருவது இழைக்குள் பின்னிக்கொண்ட மெல்லிய சருகுத் துணுக்கும், நார்போல இழையோடு நீளும் பட்டையும், மயிர் ஒட்டிய விதைத்தோலும்தான். ஆகவே இரண்டாவது இயந்திரம் எடுக்கும் குப்பை குறைவு. ஆனால் அது இழைக்குக் கொடுக்கும் இழுப்பு முதல் இயந்திரத்தின் இழுப்புக்குச் சற்றும் குறையாது. இப்படி இருக்க, இரண்டையும் எல்லாப் பருத்திக்கும் ஓட்டுவது சரியில்லை என்பதே என் கருத்து.

ஆனாலும் அதைக் கழற்றும் முன் வேறு சிலவற்றைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் உங்கள் அறிக்கையில் சொல்லும் சேதம் இயந்திரத்தின் எண்ணிக்கையால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதலாவது பஞ்சின் ஈரப்பதம். பருத்தி இழை ஈரம் ஏற ஏற வலுவடையும் இயல்புடையது. உலர உலர நொறுங்கும். ஜின்னிலும் லிண்ட் கிளீனரிலும் நுழையும்போது 6 முதல் 7 விழுக்காடு ஈரப்பதம் இருக்க வேண்டும் என்பதையே ஸ்டோன்வில், மெசில்லா பார்க், லபக் ஆகிய இடங்களில் இருக்கும் அமெரிக்க வேளாண் துறையின் ஜின்னிங் ஆய்வகங்கள் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்திருக்கின்றன. 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் எவ்வளவு நேர்த்தியாக அமைத்த இயந்திரமும் இழையை அறுக்கும். 8 விழுக்காட்டைத் தாண்டினாலோ சருகு இழையை விட்டு விலகாது. பஞ்சு கட்டி கட்டியாக வரும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பஞ்சுப் பாய். பாய் முழு அகலத்துக்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருந்தால், தடித்த இடம் ஃபீட் ரோலரைத் தூக்கிப் பிடிக்கும். பக்கத்தில் மெலிந்த இடத்துக்குப் பிடியே இருக்காது. அந்த இடத்தில் பற்கள் பஞ்சைச் சீவாமல் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிச் செல்லும். நெப் அங்கேதான் பிறக்கிறது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது ஃபீட் பிளேட்டின் விளிம்பும் கிரிட் கம்பிகளின் விளிம்பும். பிளேட்டுக்கும் ரம்பத்துக்கும் இடையே பல இயந்திரங்களில் 1.5 மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி வைப்பார்கள்; உங்கள் இயந்திரத்தின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. அதை இரு முனைகளிலும் நடுவிலும் தகட்டு அளவியால் அளந்து பாருங்கள். நடுவில் மட்டும் அளந்துவிட்டுச் சரி என்று மூடுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாவது இயந்திரத்தின் கழிவுக் குழாயிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒரு கறுப்புத் துணியில் பரப்புங்கள். நன்றாக அமைந்த இயந்திரத்தின் கழிவு பழுப்பு நிறத்தில், சருகும் ஓட்டுத் துண்டும் முற்றாத விதையும் நிறைந்து, விரலிடுக்கில் கொரகொரவென்று இருக்கும். அது வெண்மையாக, மெத்தென்று இருந்து, இரு கைகளாலும் பிரித்து இழுத்தால் நல்ல நீள இழை வருகிறதென்றால், நீங்கள் குப்பையோடு நல்ல பஞ்சையும் வெளியே கொட்டுகிறீர்கள். உங்கள் எடை இழப்புக்கு விடை அந்தத் துணியில் கிடைக்கும்.

ஒன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ரம்ப உருளை தன் எடையின் வேகத்திலேயே நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். சத்தம் அடங்கிவிட்டது என்று மூடியைத் திறந்து கைவிட்டு விரல்களை இழந்தவர்களை நேரில் அறிவேன். உருளை முற்றிலும் நின்றதைக் கண்ணால் பார்த்து, மின்விசையைப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே அளவியைக் கையில் எடுங்கள்.

கதிர்நூல் எழுதியது:

ரம்பச்சாணை ஐயா சொன்னதோடு, பஞ்சை வாங்கும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன்.

தூசை எடுக்க எங்களிடம் இயந்திரங்கள் இருக்கின்றன. புளோரூமில் பஞ்சைப் பிரித்து உதறும் கட்டங்கள் பல உள்ளன. அதற்கு மேல் கார்டிங் இயந்திரம் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. ஆனால் ஜின்னிங் ஆலையில் அறுந்துபோன இழையை எங்களால் நீளமாக்க முடியாது. 12.7 மில்லிமீட்டருக்குக் குறைவானதைத்தான் குட்டை இழை என்று கணக்கிடுகிறோம். அது நூலுக்குள் பிடிப்பில்லாமல் கிடந்து, நூலின் வலுவைக் குறைத்து, தடிப்பும் மெலிவுமாக நூலைக் கெடுக்கிறது. அதை வெளியேற்ற வேண்டுமென்றால் கோம்பிங் செய்து, அதாவது நுண்சீப்பால் சீவி, ‘நாயில்’ (noil) எனப்படும் சீப்புக் கழிவாகத் தள்ள வேண்டும். எல்லா நூலுக்கும் அது கட்டுப்படியாகாது. நெப்பின் கதையும் ஏறக்குறைய அதுதான். கார்டிங்கில் பெரும்பகுதி போய்விடும், ஆனால் எஞ்சியது நூலில் ஏறி, துணிக்குச் சாயம் போட்ட பிறகு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முற்றாத இழைகள் சுருண்ட நெப் சாயத்தை ஏற்காது என்பதே அதற்குக் காரணம்.

ஆகவே, "எவ்வளவு தூசை எடுத்தோம்" என்று மட்டும் கேட்காமல், "எடுக்காமல் விட்ட தூசு எந்த உருவில் இருக்கிறது" என்றும் கேளுங்கள். ஒரு முழுச் சருகுத் துண்டு எங்கள் முதல் கட்டத்திலேயே உதிர்ந்துவிடும். அதையே இரண்டு லிண்ட் கிளீனர்களின் பற்கள் மிளகுத்தூள் போல நொறுக்கி இழைக்குள் பரப்பிவிட்டால், எடையில் அது குறைவாகத்தான் தெரியும்; எங்களுக்கோ அதைப் பிரிப்பது பெரும் பாடு. அளவுக்கு மேல் உலர்ந்த சருகு மேலும் எளிதில் பொடியாகும் என்பதால் ஈரப்பதம் இங்கேயும் குறுக்கிடுகிறது. விதைத்தோலும் அப்படியே, பெரிய துண்டாக இருந்தது மயிரோடு சேர்ந்த சிறு துண்டுகளாக உடைந்து எண்ணிக்கையில் பெருகிவிடும்.

உங்கள் பஞ்சை யார் வாங்குகிறார் என்பதும் முக்கியம். ரோட்டர் முறையில் நூற்கும் ஆலையில் நுண்தூசு ரோட்டரின் பள்ளத்தில் படிந்து நூல் அறுபடும் என்பதால், அவர்கள் தூசுக்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள். ரிங் முறையில் மெல்லிய நூல் நூற்பவர்கள் நீளத்தையும் குட்டை இழையையும் நெப்பையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இருவருக்கும் ஒரே அமைப்பில் பஞ்சு அனுப்பினால் ஒருவரிடமிருந்து புகார் வந்தே தீரும்.

சோதனை முறையைப் பற்றியும் ஒரு சொல். ஹெச்.வி.ஐ. கருவி பஞ்சின் மேற்பரப்பைப் படம் பிடித்து, தூசு எவ்வளவு பரப்பை மறைக்கிறது என்று சொல்கிறது. ஷெர்லி அனலைசர் 100 கிராம் பஞ்சைப் பிரித்து, பஞ்சு எவ்வளவு, கண்ணுக்குத் தெரியும் குப்பை எவ்வளவு, காற்றோடு போனது எவ்வளவு என்று எடையாகக் கொடுக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு லிண்ட் கிளீனருக்கும் முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, ஷெர்லியில் குப்பையையும், ஏஃபிஸ் கருவியில் நெப்பையும் குட்டை இழையையும் பார்த்தால், எந்த இயந்திரம் எதைக் கொடுத்து எதை எடுக்கிறது என்பது ஒரே நாளில் புலப்பட்டுவிடும். அந்த மாதிரிகளை எங்களைப் போன்ற ஆலைகளில் கேட்டால் மறுக்காமல் சோதித்துக் கொடுப்பார்கள், ஏனெனில் அதில் எங்களுக்கும் நன்மை இருக்கிறது.

உருளைக்கத்தி எழுதியது:

நான் உருளை ஜின் (ரம்பத்துக்குப் பதிலாக உருளையால் பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம்) பக்கம் இருப்பவன் என்பதால் காற்று வகை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

காற்று வகை லிண்ட் கிளீனரில் சுழலும் பாகமே கிடையாது. பஞ்சும் குப்பையும் குழாய்க்குள் வேகமாக வரும்போது, ஓரிடத்தில் காற்று சட்டென்று திசை திரும்பும்; அந்தத் திருப்பத்தில் குறுகலான ஒரு திறப்பு இருக்கும். இலகுவான பஞ்சு காற்றோடு திரும்பிவிடும். கனமான முற்றாத விதை, விதைத் துண்டு, ஓட்டுத் துண்டு ஆகியவை நேராகப் போய்த் திறப்பு வழியே வெளியேறும். இழைக்குச் சேதம் இல்லை, நெப் கூடுவதில்லை, பஞ்சும் அதிகம் போகாது. ஆனால் மெல்லிய இலைச் சருகை அது பெரிதாக எடுக்காது, ஏனெனில் சருகும் பஞ்சைப் போலவே காற்றோடு மிதந்து திரும்பிவிடுகிறது. இயந்திர அறுவடைப் பருத்தியில் உங்கள் தொல்லையே சருகு என்றால், ரம்ப வகைக்கு மாற்றாகக் காற்று வகையை நினைக்காதீர்கள். ஜின்னுக்கும் முதல் ரம்ப லிண்ட் கிளீனருக்கும் இடையே ஒரு துணையாக வைத்துக்கொண்டால் அது தன் வேலையைச் செவ்வனே செய்யும். விதைத் துண்டுகள் ரம்பத்தில் போய் நொறுங்கும் முன்பே வெளியேறிவிடும்.

எங்கள் பக்கத்தில், 1840-இல் மெக்கார்த்தி காப்புரிமை பெற்ற உருளை ஜின்னின் வழிவந்த இயந்திரங்களில், மிக நீண்ட இழைப் பருத்தியை அரைக்கிறோம். அந்த இழையை ரம்ப வகை லிண்ட் கிளீனரில் விட்டால் நீளமும் போய் நெப்பும் சேரும் என்பதால், முள் உருளைகள் பொருத்திய கிளீனரையும் காற்று வகையையும் வைத்தே சமாளிக்கிறோம். பஞ்சு ரம்ப வகையில் வருவதைப் போல வழவழப்பாக இராது. சிறு சிறு கட்டிகளாகத்தான் தெரியும். அந்தத் தோற்றத்தை வாங்குபவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் பருத்தி ஜின்னுக்குள் போகும் முன்பே அதைச் சுத்தம் செய்வதில்தான் எங்கள் கவனம் முழுவதும் இருக்கிறது. விதையோடு இருக்கும் பருத்தியை உதறினால் இழைக்கு அவ்வளவு துன்பம் இல்லை. குச்சி பிரிக்கும் இயந்திரமும் முன்சுத்தக் கிளீனர்களும் உங்களிடம் முழுத் திறனில் ஓடுகின்றனவா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

பஞ்சுப்பொதி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன், கண்டதை எழுதுகிறேன்.

முதலில் கறுப்புத் துணி. முதல் இயந்திரத்தின் கழிவு பழுப்பாகவே இருந்தது. இரண்டாவதன் கழிவில் ஒரு பாதி வெள்ளை; பிரித்து இழுத்தபோது நல்ல நீள இழை விரலில் சுற்றிக்கொண்டு வந்தது. அதைக் கண்டதும் மனம் மிகவும் வருந்தியது, ஏனெனில் பாதிப் பருவ காலமாக நல்ல பஞ்சை இப்படிக் கொட்டியிருக்கிறோம்.

அடுத்து ஈரப்பதம். உலர்த்தும் கோபுரத்தின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி சரியாக வேலை செய்யவில்லை. பகலில் 6 விழுக்காட்டை ஒட்டி இருந்த பஞ்சு, இரவு ஷிப்டில் பர்னர் ஒரே நிலையில் எரிந்துகொண்டிருந்ததால் 4.5 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. இரவில் கண்டென்சர் அருகே நின்றால் பஞ்சு முன்கை மயிரில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழவில்லை. குழாயின் உள்சுவரிலும் படலமாகப் பிடித்திருந்தது. தொழிலாளர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், ஆனால் அது பஞ்சு அளவுக்கு மேல் உலர்ந்ததன் அடையாளம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பிறகு பாய். இரண்டாவது இயந்திரத்தின் கண்டென்சர் சல்லடையில் இடப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குத் துளைகள் அடைத்துப் போயிருந்தன. அங்கே காற்று இழுக்காததால் பஞ்சு வலப்பக்கமாகச் சேர்ந்து, பாய் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் ஊடே பார்க்கும் அளவுக்கு மெலிந்தும் ஓடியது. ஃபீட் பிளேட்டின் இடைவெளியும் வலது முனையில் இடது முனையைவிட அகன்றிருந்தது.

இப்போது சல்லடையைத் துப்புரவு செய்து, பிளேட்டைச் சரிசெய்து, வெப்பக் கருவியை மாற்றிவிட்டோம். இரண்டாவது இயந்திரத்தைத் தாண்டிச் செல்ல மாற்று வழிக் கதவும் பொருத்தப் போகிறோம். இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. ஈரம் குறைந்த பஞ்சுக்கு, அதைச் சிப்பமாக அழுத்தும் பிரஸ்ஸுக்கு முன்னால் ஈரம் சேர்த்தால் போதாதா? மாற்றுக் கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ரம்பச்சாணை எழுதியது:

பிரஸ்ஸுக்கு முன்னால் சேர்க்கும் ஈரம் சிப்பத்தை எளிதாக அழுத்தவும், எடையைக் காக்கவும் உதவும். அறுந்த இழையை ஒட்டவைக்காது. ஈரத்தை ஜின்னுக்கு முன்னால் சேர்த்தால்தான் இழைக்குப் பாதுகாப்பு. முன்சுத்தம் செய்யும்வரை பருத்தி உலர்ந்திருக்கட்டும், அப்போதுதான் சருகு உதிரும். ஜின்னின் வாய்க்கு வரும்போது ஈரக் காற்றால் 6 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுவந்துவிடுங்கள். பிரஸ்ஸில் நீரைத் தெளித்து அளவுக்கு மேல் ஈரமாக்கிக் கட்டிய சிப்பம் கிடங்கில் மஞ்சளித்துப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கதவைப் பற்றிய முடிவைப் பருத்தி உள்ளே வரும்போதே எடுக்க வேண்டும். வண்டியிலிருந்து இறங்கும் பருத்தியில் சருகும் பட்டையும் எவ்வளவு என்று கையால் பிரித்துப் பார்த்து, சுத்தமான குவியலையும் குப்பை மிகுந்த குவியலையும் தனித்தனியாக வைத்து, தொடர்ச்சியாக அரையுங்கள். சுத்தமான பருத்திக்கு ஒரே லிண்ட் கிளீனர் போதும். சருகு மிகுந்ததும் பட்டை கலந்ததும் வரும்போது மட்டும் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 217 கிலோ சிப்பத்தில் 2 விழுக்காடு கூடுதலாகக் கழிவில் போனால் அது 4 கிலோவுக்கு மேல். அந்த 4 கிலோவில் பாதி நல்ல பஞ்சு என்றால், தரம் ஒரு படி உயர்வதால் வரும் இலாபம் அதை ஈடுகட்டுகிறதா என்று ஒவ்வொரு குவியலுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறம் சற்றுப் புள்ளிபட்ட பருத்தி என்றால் இரண்டாவது சீவலில் அது கலந்து சீராகி, தரம் உயர வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே வெண்மையாக இருப்பதில் அந்த ஆதாயம் கிடைக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாய் அவ்வளவு நாள் வலப்பக்கமே தடித்து ஓடியிருக்கிறது என்றால், உருளையில் சுற்றியிருக்கும் ரம்பக் கம்பியின் பற்களும் அந்தப் பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். மின்விசையைப் பூட்டிவிட்டு, உருளை நின்ற பிறகு, நல்ல வெளிச்சத்தில் இடது முனைப் பற்களையும் வலது முனைப் பற்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூர்மையான பல்நுனியில் வெளிச்சம் தங்காது. மழுங்கிய நுனியில் ஒரு பளபளப்பான புள்ளி தெரியும். வலப்பக்கம் அந்தப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், பிளேட்டை எவ்வளவு சரியாக அமைத்தாலும் அங்கே பஞ்சு சீவப்படாமல் உருண்டுதான் வரும். அந்தக் கம்பியை அடுத்த பருவம்வரை விட்டுவைக்காமல், உருளையைக் கழற்றிப் புதிய கம்பி சுற்றச் சொல்லிவிடுங்கள்.